ஒரு சஹன் எவ்வளவு? எங்கள் கலியாணச் சோற்றின் விலைக்குள் இருக்கும் வரலாறு



நீளமான பதிவு. பிள்ளைகளின் கலியாணத்துக்கு நாள் குறித்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையோடு வாசியுங்கள்.

ஏறாவூரில், காத்தான்குடியில், ஓட்டமாவடியில், கல்முனையில், சாய்ந்தமருதில் யார் வீட்டில் கலியாணப் பேச்சு வந்தாலும், மஹர் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடுகிறது: "சஹன் எவ்வளவாம்?" விலையைக் கேட்டதும் அடுத்த வார்த்தையும் ஆயத்தமாக இருக்கும்: "அநியாயம்! அரிசி என்ன விலை, இறைச்சி என்ன விலை, இவனுக்கு ஏன் இவ்வளவு?" பிறகு மூத்தவர்களில் ஒருவர், "எங்கட காலத்தில் சமையலுக்கென்று ஒரு சதம் கூலி கொடுத்ததில்லை" என்பார்.

வரலாறு படிப்பிக்கிற நாம் இந்தக் கடைசி வசனத்தைத்தான் பிடித்துக்கொள்கிறோம். அது பெரும்பாலும் உண்மை. அப்படியானால் அன்று காசு வாங்காமல் நடந்த வேலை எங்கே போனது? அதைச் செய்தவர்கள் யார்? எந்த வருடத்திலிருந்து அது பில்லில் ஏறியது? இதைத் தேடிப் பார்த்தால் கேட்டரிங்காரரின் பில்லில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரலாறு இருப்பது தெரியும்.

*பில் இல்லாத காலம்*

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். கடல் பக்கம் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எங்கள் ஊர்களில் அதிகமானவை எழுவான்கரையில். வயலும் மாட்டுப் பட்டியும் விறகும் தயிரும் பெரும்பாலும் படுவான்கரைப் பக்கம். மாரிப் போகத்தில் விதைத்த வெள்ளாமை மாசி, பங்குனியில் வெட்டி முடியும். வீட்டில் நெல் இருக்கும் அந்தக் காலத்தில்தான் கலியாணங்களும் நடக்கும்.

இந்தப் பகுதியில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் தாய்வழிக் குடிமுறை இருந்தது. பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்வது இன்றும் எங்கள் வழக்கம். அதனால் உம்மா, உம்மம்மா, சாச்சி, ராத்தா, தங்கச்சி என்று பெண் வழி உறவெல்லாம் ஒரே வளவில், அல்லது கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தார்கள். கலியாணச் சமையலுக்குத் தேவையான ஆட்கள் வேலிக்கு அந்தப் பக்கமே இருந்தார்கள்.

நெல்லை அவித்துக் காயவைத்துக் குற்றியவர்கள் அவர்கள். மல்லி, மிளகாய் இடித்தவர்கள், திருவலையில் நூற்றுக்கணக்கான தேங்காய் திருவியவர்கள், விடிய விடிய வெங்காயம் உரித்தவர்கள், வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்தவர்கள் எல்லாரும் அவர்கள்தான். ஆண்கள் மாடறுத்து, விறகு பிளந்து, கிடாரம் தூக்கினார்கள். பெரிய கிடாரமும் சஹன்களும் பள்ளிவாசலில் இருந்து வரும். கந்தூரிக்கு ஆக்கிப் பழகிய ஒருவர் வந்து உப்பும் நெருப்பும் பார்ப்பார். அவருக்கு ஒரு சாரனும் ஒரு சட்டி சோறும் போகும். ஒரு வீட்டில் பட்ட கடனை அடுத்த வீட்டுக் கலியாணத்தில் உடம்பால் தீர்த்தார்கள்.

அன்று சமையல் இலவசமாக நடக்கவில்லை. கணக்குக் கொப்பியில் எழுதப்படாமல் நடந்தது. எழுதாமல் விட்ட வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. முறைப்படி வலீமா மாப்பிள்ளையின் விருந்து. எங்கள் பக்கத்திலோ வீடும் விருந்தும் பெண் வீட்டுக்காரர் தலையில் ஏறிய குடும்பங்கள் ஏராளம். அந்தப் பாரத்தையும் அந்த வீட்டுப் பெண்களின் உழைப்பே தாங்கியது.

*முதல் மாற்றம்: அரிசி*

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. அதுவரை இலங்கை தின்ற அரிசியில் பெரும்பகுதி பர்மாவில் இருந்துதான் கப்பலில் வந்தது. அந்தக் கப்பல் நின்றதும் பங்கீடு வந்தது. கூப்பனும் சங்கக் கடையும் எங்கள் வாழ்க்கைக்குள் நுழைந்தன. அரிசி என்பது வீட்டுப் பட்டறையில் கிடப்பது மட்டுமல்ல, அரசாங்கம் அளந்து கொடுப்பதும் என்று ஆனது.

1953இல் கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்தில் இருந்து 70 சதத்துக்கு ஏறியது. அதே வருடம் ஓகஸ்ட் 12ஆம் திகதி நடந்த ஹர்த்தாலில் நாடே நின்றது. பிரதமர் டட்லி சேனநாயக்க சில வாரங்களில் பதவி விலகினார். சோற்றின் விலை ஒரு அரசாங்கத்தையே ஆட்டும் என்று எல்லாரும் கண்ட வருடம் அது. 1966இல் பங்கீடு இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைந்தது, ஆனால் அந்த ஒரு கொத்து இலவசம்.

எழுபதுகள் இன்னும் கஷ்டம். 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைந்தது. நெல்லை யாருக்கு விற்பது, எங்கே கொண்டு போவது என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு வந்தது. 1973இல் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஒன்றாக ஏறின. பாணுக்கு வரிசையில் நின்ற கதையை இன்றைய உம்மம்மாக்கள் சொல்வார்கள். அந்த வருடங்களில் கலியாணங்கள் சுருங்கின. அழைத்தவர் எண்ணிக்கையைக் குறைத்தாலும் யாரும் குறை சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்த தட்டுப்பாட்டில் யாருக்கும் வெட்கம் இருக்கவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

*இரண்டாவது மாற்றம்: கைகள்*

1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்தது. எழுபதுகளில் தொடங்கிய வளைகுடாப் பயணம் எண்பதுகளில் பெருகியது. ஊரில் காசு புழங்கியது, ஆட்கள் குறைந்தார்கள். விறகு பிளந்த இளைஞர் ரியாத்தில், கிடாரம் தூக்கியவர் தோஹாவில். வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன ராத்தாமாரும் உண்டு.

இன்னொரு பக்கத்தில், 1945இல் வந்த இலவசக் கல்வி மெல்ல மெல்ல எங்கள் பெண் பிள்ளைகளையும் எட்டியது. அவர்கள் ஆசிரியைகள், தாதிகள், எழுதுவினைஞர்கள், முகாமையாளர்கள் ஆனார்கள். திங்கட்கிழமை பாடசாலைக்குப் போக வேண்டிய ஆசிரியை ஞாயிறு இரவு விடிய விடிய அடுத்த வீட்டில் வெங்காயம் உரிக்க முடியாது. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. நாம் விரும்பிக் கேட்ட முன்னேற்றம் இது.

ஆக, ஒரு பக்கம் கை குறைந்தது, மறுபக்கம் காசு வந்தது. இந்த இடைவெளியில்தான் ஆக்கத் தெரிந்த மனிதர் தொழில்காரர் ஆனார். முதலில் கூலிக்கு ஆக்க வந்தார், சாமான் எல்லாம் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுக்க வேண்டும். பிறகு தன்னுடைய கிடாரத்தோடும் ஆட்களோடும் வந்தார். பிறகு "நீங்க ஒன்றும் செய்யத் தேவையில்ல, எத்தன சஹன் என்று மட்டும் சொல்லுங்க" என்றார். பிளாஸ்டிக் கதிரை, கொட்டகை, தட்டு முட்டு எல்லாம் வாடகைக்கு வந்தன. வளைகுடாவின் சுவையும் கூடவே வந்தது. வயலில் விளைந்த அரிசிச் சோறு பின்னுக்குப் போய், இறக்குமதி பாஸ்மதியில் புரியாணியும், பின்னர் மந்தியும் கப்ஸாவும் முன்னுக்கு வந்தன. எங்கள் கலியாணச் சோறு டொலரோடு கட்டப்பட்டது அப்போதுதான்.

*மூன்றாவது மாற்றம்: வாவியின் மறுகரை*

1990ஐத் தாண்டாமல் இந்தப் பகுதியின் எந்த வரலாற்றையும் எழுத முடியாது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள், சில நாட்களில் ஏறாவூரில் உறங்கிக் கிடந்தவர்கள் என்று இரண்டு ஊரிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் தமிழ்க் கிராமங்களிலும் பெருந்துயரங்கள் நடந்தன. இரண்டு சமூகங்களும் கரையை விட்டுக் கரை போக அஞ்சின.

படுவான்கரையில் வயல் வைத்திருந்த எங்கள் குடும்பங்கள் பல வருடக்கணக்கில் வயலுக்குப் போகவில்லை. மாட்டுப் பட்டிகள் போயின. மறுகரைத் தமிழ் வீடுகளில் இருந்து வந்த எருமைத் தயிர், விறகு, மரக்கறி எல்லாம் நின்றன. அவர்களுக்கு எங்கள் ஊர்ச் சந்தையும் கடையும் இல்லாமல் போனது. சொந்த நெல் தின்ற வீடு கடையில் அரிசி வாங்கும் வீடானது. 2002இல் யுத்தநிறுத்தம் வந்தது, 2007இல் கிழக்கில் சண்டை ஓய்ந்தது, 2014இல் மண்முனைப் பாலம் திறந்து ஓடத்துறை பாலமானது. போக்குவரத்துத் திரும்பியது. ஆனால் காணி, பட்டி, பழைய கொடுக்கல் வாங்கல் எல்லாம் முழுதாகத் திரும்பவில்லை. சஹனில் வைக்கும் தயிருக்கும் இறைச்சிக்கும் இன்று நாம் கொடுக்கும் விலையில் அந்த இழப்பின் ஒரு பங்கும் இருக்கிறது.

இடையில் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியின் போது பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் மறுபடி கிடாரங்கள் ஏறின. யாரும் யாரிடமும் விலை கேட்கவில்லை. ஊர் கூடி ஆக்கும் பழக்கம் செத்துப் போகவில்லை, அவசரத்துக்கு எழும்பி வரும் என்று அன்று தெரிந்தது.

*நான்காவது மாற்றம்: 2021, 2022*

இது எல்லாருக்கும் நினைவிருக்கும். 2021இல் இரசாயனப் பசளைத் தடை வந்தது, அடுத்த மாரிப் போகத்தில் விளைச்சல் விழுந்தது. 2021 ஒக்டோபருக்கு முன் கொழும்பில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ கேஸ் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை, வரிசையில் நின்றோம். டொலர் 200 ரூபாவில் இருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டது. பாஸ்மதி அந்தக் கணக்கில்தான் வந்தது. அதே ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாம் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியது, மே மாதம் வரை அந்தத் தடை இருந்தது. எங்கோ நடந்த அந்த முடிவு உலகம் முழுவதும் எண்ணெய்ப் போத்தல் விலையை ஏற்றியது. 2022 செப்டெம்பரில் நாட்டின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு ஏறக்குறைய 195 ரூபா.

அந்த வருடம் முற்பணம் வாங்கி ஓடர் எடுத்த கேட்டரிங்காரரை நினைத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு முன் பேசிய விலைக்கு ஆக்கிக் கொடுத்தால் அவர் தன் கையால் ஒவ்வொரு சஹனுக்கும் காசு கட்ட வேண்டும். கொடுக்காவிட்டால் வாக்கு மீறியவர். கேஸ் இல்லாமல் பலர் விறகுக்குத் திரும்பினார்கள், சிலர் தொழிலையே விட்டார்கள். இன்று அவர் விலை சொல்லும்போது கொஞ்சம் கூட்டி வைப்பதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

*இன்றைய பில்லைத் திறந்து பார்ப்போம்*

எடுத்துக்காட்டாக 300 பேருக்கு விருந்து. ஒரு சஹனுக்கு ஆறு பேர் என்றால் 50 சஹன். சஹனுக்கு ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ இறைச்சி, ஒரு கோழி என்று வைத்தால் 50 கிலோ அரிசி, 50 கிலோ இறைச்சி, 50 கோழி. இதில் இறைச்சி வேகும்போது ஏறக்குறைய கால் பங்கு எடை குறையும். 50 கிலோ வாங்கினால் சஹனில் விழுவது 37, 38 கிலோ, அதிலும் எலும்பு உண்டு. "கிலோக் கணக்கில் இறைச்சி எங்க?" என்று கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறோம்.

இதற்கு மேல் வெங்காயம், நெய், எண்ணெய், வாசனைச் சரக்கு, தயிர், பச்சடி, வட்டிலப்பத்துக்கு முட்டை, தேங்காய்ப் பால், சக்கரை. இத்தனையும் மூலப்பொருள் என்ற ஒரே வரி. நாம் பேரம் பேசும்போது மனதில் கூட்டிப் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான். உணவகத் தொழிலில் உலகத்தின் பல பாகங்களில் ஒரு பொது வழக்கம் உண்டு: விற்கும் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மூலப்பொருள். எங்கள் சஹனில் இறைச்சி அதிகம் என்பதால் அந்தப் பங்கு கூடுதலாக இருக்கலாம். ஆனாலும் மீதி வரிகள் இல்லாமல் போவதில்லை. அவை இவை:

▪️ கைகள். தலைமைச் சமையல்காரர், உதவிக்கு நிற்பவர்கள், வெட்டிக் கொடுக்கும் பெண்கள், பரிமாறுபவர்கள், சஹன் கழுவுபவர்கள். இஷாவுக்குப் பிறகு தொடங்கும் வேலை அடுத்த நாள் அஸர் வரை போகும். ஒரு நாள் விருந்துக்கு இரண்டு நாள் கூலி.

▪️ நெருப்பு. கேஸ் அல்லது விறகு.

▪️ பாத்திரம். பள்ளிவாசலில் சும்மா வந்த கிடாரமும் சஹனும் இன்று அவர் காசு கொடுத்து வாங்கியவை. நெளியும், காணாமல் போகும். அந்தத் தேய்மானத்தை ஒவ்வொரு கலியாணமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறது.

▪️ வண்டி. சாமானை ஏற்றி இறக்க லொறி, டீசல், சாரதி.

▪️ சுத்தம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். நல்ல தண்ணீர், மூடி வைக்க இடம், வேலையாட்களின் மருத்துவச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் செலவு. முந்நூறு பேர் வயிற்றுக்கு ஒருவர் பொறுப்பு நிற்கிறார்.

▪️ பயம். 300 என்று சொல்லி 340 பேர் வருவோம், அல்லது மழை பிடித்து 220 பேர்தான் வருவோம். இரண்டிலும் அவருக்குத்தான் கெட்ட பெயர். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே ஆக்குவார். அந்தக் கூடுதலும் விலைக்குள் இருக்கும்.

▪️ வெறும் நாட்கள். பாடசாலை விடுமுறையில் ஒரே நாளில் மூன்று கலியாணம், நோன்பு மாதத்தில் ஒன்றுமே இல்லை. வருடம் முழுக்க ஆட்களை வைத்திருக்க, கலியாணம் உள்ள நாட்களில்தான் உழைக்க முடியும்.

▪️ கடைசியாக அவருடைய லாபம். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர் வீட்டிலும் பெண் பிள்ளைக்கு வீடு கட்ட வேண்டும்.

இந்த வரிகளை மேலே சொன்ன வரலாற்றோடு சேர்த்துப் பாருங்கள். கைகள் என்ற வரி, வெளிநாடு போன இளைஞர்களும் வேலைக்குப் போன பெண்களும் விட்ட இடம். அரிசி, இறைச்சி, தயிர் என்ற வரியில் 1990உம் இருக்கிறது, டொலரும் இருக்கிறது. நெருப்பிலும் பயத்திலும் 2022 இருக்கிறது.

*அப்படியென்றால் என்ன செய்வது?*

விலை நியாயம், வாயை மூடிக்கொண்டு கட்டுங்கள் என்று சொல்ல இந்தப் பதிவு எழுதவில்லை. அநியாய விலை சொல்பவர்களும் உண்டு. நகையை அடகு வைத்து, வட்டிக்குக் கடன் பட்டு விருந்து கொடுக்கும் குடும்பங்களை நாம் வகுப்பறைக்குள் இருந்தே காண்கிறோம். ராத்தாவின் கலியாணம் முடிந்த வருடம் தம்பியின் ரியூஷன் நிற்கிறது. அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

முதலாவது, மொத்த விலையை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள். "சஹனுக்கு ஐந்நூறு குறையுங்க" என்றால் அவர் குறைப்பார். ஆனால் எந்த வரியில் குறைப்பார்? அரிசிக்கடைக்காரர் விடமாட்டார், கேஸ்காரர் விடமாட்டார். குறைவது சஹன் கழுவும் மனுசியின் கூலி, எண்ணெயின் தரம், இறைச்சியின் அளவு. பேரத்தில் நாம் வென்றதாக நினைக்கும் காசு பல நேரம் ஓர் ஏழையின் கையில் இருந்து எடுத்தது. பில்லை வரி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள், எதைக் குறைக்கலாம் என்று சேர்ந்து பாருங்கள். நேர்மையான தொழில்காரர் மறுக்கமாட்டார்.

இரண்டாவது, செலவைக் கூட்டுவது தலை எண்ணிக்கையும் உருப்படி எண்ணிக்கையும்தான். 300ஐ 150 ஆக்கினால் குறைவதைப் போல எந்தப் பேரத்திலும் குறையாது. இறைச்சிக்கு மேல் கோழி, கோழிக்கு மேல் முட்டை, இரண்டு வகை இனிப்பு என்பதெல்லாம் கடந்த சில பத்து வருடங்களில் வந்த போட்டி. எழுபதுகளில் நாடே சுருங்கியபோது சிறிய விருந்துக்கு யாரும் வெட்கப்படவில்லை. அதே வீடுகளின் பேரப்பிள்ளைகள்தானே நாம்?

மூன்றாவது, வலீமா என்றால் என்ன என்று நாமே படிப்பிக்கிறோம். வசதியான தோழர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆட்டைக் கொண்டாவது விருந்து கொடுக்கச் சொன்னார்கள். அன்னை ஸஃபிய்யா அவர்களின் வலீமாவில் இறைச்சியும் இல்லை, ரொட்டியும் இல்லை. பேரீச்சம்பழமும் பாற்கட்டியும் நெய்யும்தான். பணக்காரரை அழைத்து ஏழையை விட்டுவிடும் வலீமாச் சாப்பாட்டைக் கெட்ட சாப்பாடு என்று எச்சரித்ததும் எங்கள் மார்க்கம்தான்.

நான்காவது, சில வேலைகளைத் திருப்பி எடுக்கலாம். எல்லாவற்றையும் பெண்களின் முதுகில் போடும் பழைய முறைக்குப் போகச் சொல்லவில்லை. பரிமாறுவதையும் சஹன் கழுவுவதையும் வாலிபர்கள் ஒரு மணித்தியாலம் செய்தால் என்ன? பள்ளிவாசல் நிருவாகங்கள் கிடாரமும் சஹனும் மறுபடி வாங்கி வைத்து, ஏழைக் குடும்பங்களுக்கு வாடகை இல்லாமல் கொடுக்கலாம். இரண்டு வரி பில்லில் இருந்து நீங்கிவிடும்.

ஐந்தாவது, வருகிறவர் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லுங்கள், பேசிய காசைப் பேசிய நாளில் கொடுங்கள். மிஞ்சிய சோறு குப்பைக்குப் போகுமுன் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று முதல் நாளே பட்டியல் போடுங்கள்.

கலியாண வயதில் பிள்ளைகள் உள்ளவர்கள் இன்று இரவு வீட்டில் உட்கார்ந்து மேலே உள்ள வரிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூத்தம்மா இருந்தால் அவரிடம், "உங்கட கலியாணத்தில் இந்த வேலையை எல்லாம் ஆர் செய்த?" என்று கேளுங்கள். வரும் பெயர்களில் முக்கால்வாசி பெண்களின் பெயராக இருக்கும். யாராலும் கூலி கொடுக்கப்படாத அந்தக் கைகளுக்கு ஒரு துஆ செய்யுங்கள்.

உங்கள் ஊரில் பழைய கலியாணச் சமையல் எப்படி நடந்தது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் படிப்பிக்க உதவும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் வாழ்விலும், உழைப்பவர்களின் கைகளிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.